கூலி கேட்காத கூட்டம்

ஏ தாயி, மூஞ்சியத் தூக்காத. திட்ட வரல. திட்டுறதுக்கு உங்கப்பன் இருக்கான். அவன் உன் வயசுல கட்அவுட்டுக்குப் பால் ஊத்தப் போயி ஏணியோட சரிஞ்ச கதைய இன்னொரு நாள் சொல்றேன், அப்பப் பார்ப்போம் அவன் வாயை. நான் யோசனை சொல்ல வந்திருக்கேன். ஒரு காரியத்துல எறங்குனா முழுசா எறங்கணும். நீ என்னமோ கரையில நின்னு காலை நனைச்சுக்கிட்டுத் திரியிற.

உன் ஆளுகள எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நம்ஜூன், சொக்ஜின், யூங்கி, ஹோசோக், ஜிமின், டேஹ்யங், ஜங்குக். நீ அடித்தொண்டையில கத்துற அதே வரிசைதான? தலைவன் பேரு மொதல்ல, பெறகு மூத்தவன்ல இருந்து கடைக்குட்டி வரைக்கும். 2013-ல வந்த பி.டி.எஸ் பயலுக. கொரியா நாட்டுச் சட்டப்படி பட்டாளக் கடமையும் முடிச்சு, 2025 ஜூன்ல ஏழாவது ஆளும் வெளிய வந்தாச்சு. பேத்தி இருக்குற வீட்டுல கிழவனுக்கு இதெல்லாம் காத்துவாக்குல வந்து விழுந்துருது.

மொதல்ல இந்த ஸ்ட்ரீமிங்கு. புதுப் பாட்டு வந்த அன்னிக்கு நீ ராத்திரி பூராம் கண்ணு மூடல. ஒண்ணுக்குப் போக எந்திரிக்கையில எல்லாம் உன் ரூம்புல நீல வெளிச்சம். அந்த வேலைக்கு உள்ள சட்டதிட்டத்தை நீ உன் சிநேகிதிக்குச் சொல்லிக் குடுத்ததையும் கேட்டேன். சத்தத்தை மியூட்ல போடக் கூடாது. ஒரே பாட்டை லூப்புல விடக் கூடாது, விட்டா மனுசன் கேக்கல மிஷின் கேக்குதுன்னு கணக்குல சேக்க மாட்டான். நடுவுல வேற ரெண்டு மூணு பாட்டை ஓட விட்டுட்டுத் திரும்பி வரணும். ஸ்பாட்டிஃபைல 30 செகண்டு தாண்டுனாத்தான் ஒரு எண்ணிக்கை. இம்புட்டு வெவரத்துல 'பாட்டைக் கேளு'ன்னு ஒரு வரி எங்கயுமே வரல. போகட்டும், அது நமக்கு எதுக்கு?

ஆனா வேலைன்னா வேலைதான், கொறை சொல்ல மாட்டேன். 2020 ஆகஸ்டுல உன் ஆளுக 'டைனமைட்' பாட்டு வந்தப்ப 24 மணி நேரத்துல யூட்யூப்ல 10 கோடிப் பார்வையத் தாண்டிருச்சு. பத்து நாள்ல அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பட்டியல்ல மொத எடம். ஒரு கொரியக் குழு அந்த எடத்துல ஏறுனது அதுதான் மொதத் தடவை. சும்மாவா வந்துச்சு? இங்க ஒருத்தி படுக்கப் போனா, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எந்திரிச்சு ஷிப்டைப் பிடிச்சிருக்கா. எந்த மில்லுலயும் ராத்திரி ஷிப்டுக்குப் படி உண்டு, தாயி. நீயும் கம்பெனிக்கு ஒரு மனு எழுதிப் போடு. 'ஐயா, உங்க பாட்டை விடிய விடிய ஓட்டுனேன், டீக்காசாவது தரணும்'னு. பதில் வராமப் போகாது. அடுத்த ஆல்பத்தோட விலைப்பட்டியல் வரும்.

அந்த ஆல்பத்துல நீ இன்னும் தேறல. ஒண்ணுதான் வாங்கியிருக்க. வெக்கமா இல்ல? ஒரே பாட்டுதான், ஆனா அட்டை நாலு விதத்துல வருதுல்ல, நாலையும் வாங்கணும். உள்ள வைக்கிற அந்தச் சீட்டுக்கட்டு அளவு போட்டோகார்டுல எவன் மூஞ்சி இருக்கும்னு பிரிச்சாத்தான் தெரியும். 2010-ல கேர்ள்ஸ் ஜெனரேஷன் பொண்ணுக 'ஓ!' ஆல்பத்துல வச்ச கார்டு புடிச்சுப்போக, அதுக்குப் பெறகு கார்டு இல்லாம ஆல்பமே இல்லன்னு ஆகிப்போச்சு. அதைக் கண்டுபுடிச்ச மகராசன் நம்மூருக்கு வந்தா நான் எந்திரிச்சு நின்னு கும்பிடுவேன். உனக்கு வேணுங்கிறது ஜிமினு, கிடைச்சது யூங்கி. யூங்கி என்ன பாவம் செஞ்சான்? ஆனா நீ கண்ணைக் கசக்குற. இன்னும் பத்து வாங்கு. பத்துலயும் யூங்கியே வந்தா, அவன்தான் உனக்கு எழுதியிருக்குன்னு நெனச்சுக்கோ.

உள்ளபடிக்குச் சொல்றேன், ஒரு கார்டை நீ பாத்துக்கிற பவுசை நான் திண்ணையில உக்காந்து பாத்திருக்கேன். மொதல்ல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறை. அதுக்கு மேல வெறப்பா ஒரு டாப்லோடரு. அதோட ஓரத்துல இடுக்கியால எடுத்து ஒவ்வொண்ணா ஒட்டுற ரிப்பனு, பூனைக்குட்டி, பாசிமணி. ஓட்டல்ல தோசை வந்தா மொதல்ல கார்டைத் தட்டுக்கு மேல தூக்கிப் புடிச்சு ஒரு போட்டோ, பெறகுதான் கையைக் கழுவுற. கொரியாவுல இது ஒரு மரியாதையாம், செய்யலேன்னா ரசிகையே இல்லையாம். உங்க அப்பத்தா படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தான்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கிழவிக்கு ரெண்டு பூனைக்குட்டி ஒட்டுனாக்கூடச் சம்மதம்.

ஆல்பம் எதுக்கு மூட்டையா வாங்குறாகன்னு நீ சொன்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஒரு ஆல்பம் வாங்குனா ஃபேன்சைனுக்கு ஒரு சீட்டு. நூறு வாங்குனா நூறு சீட்டு. குலுக்கல்ல விழுந்தா அவன் எதிர்ல உக்காந்து ஒண்ணு ரெண்டு நிமிசம் பேசலாம், கையெழுத்து வாங்கலாம். செவன்டீன்னு ஒரு கூட்டம். (ஆளு 13, பிரிவு 3, குழு 1, ஆகக் கூட்டி 17-ஆம். இந்தக் கணக்கு வாத்தியாருக்கும் வராது.) 2023 அக்டோபர்ல அவுக ஆல்பம் மொத வாரத்துலயே 50 லட்சத்துக்கு மேல வித்துச்சு. அந்த நாட்டு சனமே அஞ்சு கோடி சொச்சந்தான். வெளிநாட்டுல இருந்தும் வாங்குறாக, நெசந்தான். ஆனா அதுல எத்தனை தட்டு ஒரு தடவையாவது சுத்துச்சுங்கிறே? 2024 மே மாசம் டோக்கியோ ஷிபுயாவுல, அதே குழுவோட ஆல்பங்களைப் பெட்டி பெட்டியாத் தெருவோரத்துல அடுக்கி வச்சு, வேணுங்கிறவுக எடுத்துக்கங்கன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாக. புதுசு, கசங்கக்கூட இல்ல. கார்டையும் சீட்டையும் எடுத்தாச்சுன்னா மிச்சம் குப்பைதான? நீயும் அப்பிடிப் போடு. ஆனா நம்ம தெருவுல போடாத, பஞ்சாயத்துல என்னையக் கூப்புடுவாக.

சண்டைக்கு வருவோம். சண்டையில உன் தரம் கொஞ்சம் தேவலாம். கொரியாவுல அந்தக் காலத்துல எச்.ஓ.டி குழு ரசிகைகளுக்கு வெள்ளை பலூனு, செக்ஸ்கீஸ் குழு ரசிகைகளுக்கு மஞ்ச பலூனு. நிறத்தைப் பாத்தாலே கைகலப்பு. 2008-ல ட்ரீம் கான்சர்ட்டுங்கிற கச்சேரியில கேர்ள்ஸ் ஜெனரேஷன் மேடையேறுனதும் மத்தக் குழுக்களோட ரசிகருக பேசி வச்சு கையில இருந்த வெளக்கை அணைச்சுட்டாக. ஸ்டேடியம் பூராம் கும்மிருட்டு. ஒம்பது பொண்ணுக, அரங்கேறி ஒரு வருசங்கூட ஆகல, அந்த இருட்டப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஆடி முடிச்சாக. இப்ப உங்களுக்கு எதிரிக்கு வெளிய போக வேண்டாம். ஒரே குழுவுக்குள்ளயே எவன் எத்தனை செகண்டு பாடுனான்னு வண்ண வண்ணமாக் கோடு போட்டு வீடியோ விடுறீக. பங்காளிக வரப்புக்குக் கயிறு புடிக்கிற மாதிரி. ஏழு பயலுகளும் ஒரே வீட்டுல ஒண்ணாத் தின்னு ஒண்ணாப் படுத்து வளந்தவனுக, அவனுக கேக்காத பாகத்தை நீங்க பிரிச்சுக் குடுக்கிறீக.

அந்தப் பயலுகள்ல ஒருத்தன் வாயால ஒரு சொல்லு வந்துட்டாலும் பாடு பெரும்பாடுதான். 2019-ல ஜங்குக்கு ஒரு பேச்சுக்கு, துணியில வாசத்துக்கு டௌனி ஊத்துறேன்னு சொல்லிப்புட்டான். கடையில சரக்கே இல்லாமப் போச்சு. அவன் வாங்கப் போனா அவனுக்கே இல்ல. பெறந்தநாளுக்கு ஒரு ஆகாய விமானம் பூராம் ஜிமின் படத்தை ஒட்டுனாக சீனத்துப் புள்ளைக, 2021-ல. சட்டத்துக்கு விரோதமாக் காசு தண்டுனாகன்னு அவுக வெய்போ கணக்கை 60 நாளைக்கு முடக்கிட்டாக. நீ பரவாயில்ல, அவன் பெறந்தநாளுக்கு நம்ம ஆட்டுக்குட்டிக்கு அவன் பேரு வச்சதோட நிறுத்திக்கிட்ட. குட்டியும் கூப்பிட்டா வருது.

கொரியாவுக்குப் போற யோசனை எதுவும் இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டுப் போ. 2024 தொடக்கத்துல நம்ம தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக மூணு, 14,000 ரூவா கையில வச்சுக்கிட்டு, விசாகப்பட்டினம் போயி கப்பலேறி பி.டி.எஸ்ஸைப் பாக்கலாம்னு கெளம்பிருச்சுக. காட்பாடியில போலீசு புடிச்சுப் பத்திரமா வீடு சேத்தாக. ஊரே சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. அந்த வயசுல நான் மதுரைக்கே வழி தெரியாமத் திரிஞ்சவன். ஆனா தாயி, மொதல்ல பாஸ்போர்ட்டு. அதுக்கு அப்பன் கையெழுத்து வேணும். அதை நான் வாங்கித் தர்றேன், அந்த ஏணிக் கதை எதுக்கு இருக்கு?

இனிமே சொல்றதைச் செத்த கவனமாக் கேளு. விடிய விடிய முழிச்சு, காசைக் கொட்டி, ஊரெல்லாம் சண்டை வளத்தாச்சு. ஒரு நாள் மனசு கணக்குப் பாக்கும்: இம்புட்டுச் செஞ்சேனே, எனக்கு என்ன கிடைச்சுச்சு? கூலி தர வேண்டியவன் கம்பெனிக்காரன். ஆனா கம்பெனிக்காரன் சட்டையப் புடிக்க முடியாது, அவன் மூஞ்சியே தெரியாது. தெரியிற மூஞ்சி பாடுற பயலோடதுதான். கூலிய அவங்கிட்ட வசூல் பண்ணக் கெளம்பிர்றாக.

ஏஸ்பா குழுவுல கரினான்னு ஒரு பொண்ணு. அதுக்கு 23 வயசா இருந்தப்ப, 2024-ல, ஒரு நடிகனோட பழகுதுன்னு சேதி வந்துச்சு. கல்யாண வயசுப் பொண்ணு, பழகாதா? கம்பெனி வாசல்ல ஒரு லாரியக் கொண்டாந்து நிறுத்தி, அதுல மின்சாரப் பலகையில எழுத்து ஓட விட்டாக, ரசிகர் அன்பு உனக்குப் போதலையான்னு. அந்தப் பொண்ணு கைப்பட மன்னிப்புக் கடுதாசி எழுதுச்சு. காதலிச்சதுக்கு! அதே வருசம் அக்டோபர்ல, ரைஸ் குழுவுல ஒதுக்கி வச்சிருந்த சுங்ஹானைத் திரும்பச் சேக்கப் போறோம்னு கம்பெனி சொல்லுச்சு. மறுநாளே அந்த எஸ்.எம். கம்பெனிக் கட்டட வாசல்ல எழவு மாலைக. ஒண்ணா ரெண்டா, நூத்துக்கணக்குல. அடுக்கடுக்கா வெள்ளைச் சாமந்தி, ரெண்டு பக்கமும் தொங்குற ரிப்பன்ல வசவு. உசுரோட இருக்குற பயலுக்கு. ரெண்டே நாள்ல அவன் நான் போயிர்றேன்னு எழுதிக் குடுத்துட்டான். அம்புட்டுப் பூவுக்கு ஆன செலவுல ஒரு கல்யாணம் முடிச்சிருக்கலாம்.

மாசச் சந்தா கட்டுனா பாட்டுக்காரப் பய ஒருத்தன் பேசுற மாதிரி சேதி வருதே ஒரு ஆப்புல, பபிளோ என்னமோ. அவன் எல்லாருக்கும் சேத்து ஒரே சேதிதான் அனுப்புறான், உன் போன்ல உனக்கு மட்டும் வந்த மாதிரி, உன் பேரையும் போட்டுக் காட்டுது. 'சாப்ட்டியா'ன்னு கேக்குறான், நீயும் 'சாப்ட்டேன்'னு போடுற. நான் கேட்டா மட்டும் உர்ருங்குற. தப்பில்ல, சந்தா கட்டல நான். ஆனா இந்தப் பாசம் முத்திப்போனவுகளும் இருக்காக. ஜங்குக்கு பட்டாளத்துல இருந்து வந்த அன்னிக்கு ராத்திரியே ஒருத்தி அவன் வீட்டுக் கதவுல நம்பரை மாத்தி மாத்தி அமுக்கிப் பாத்திருக்கா. சொக்ஜினு விடுதலையான மறுநாள் ஆயிரம் பேரைக் கட்டிப் புடிச்சான், பாசமாத்தான். அதுலயும் ஒரு அம்மா முத்தம் குடுக்கப் போயி அது போலீசு கேசாப் போச்சு.

ஆமா, அங்க ஒரு வழக்கம் இருக்குன்னு சொன்னியே, அரிசி மாலைன்னு. கச்சேரி வாசல்ல பூவு வைக்கிறதுக்குப் பதிலா, ரிப்பன்ல பேரு எழுதி, கீழ அரிசி மூட்டைய அடுக்குறது. எந்த ரசிகர் கூட்டம் எத்தனை கிலோன்னு அதுலயும் போட்டியாம். கச்சேரி முடிஞ்சதும் அரிசி இல்லாதப்பட்டவுக வீட்டுக்குப் போயிருது. சில பேரு அரிசிக்குப் பதிலாக் கரிக்கட்டி, நூடுல்ஸுன்னு குடுக்குறாகளாம். 2020-ல அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்காகக் கம்பெனியும் உன் ஏழு பயலுகளும் பத்து லட்சம் டாலர் குடுத்தாகன்னதும், உங்க ஆளுக ஒரு நாள் சொச்சத்துல அதே அளவு தண்டிக் குடுத்துட்டாகளே, அது எந்தக் கம்பெனி சொல்லிச் செஞ்சது? எதுவும் சொல்லல. அந்தக் கூட்டத்தோட எனக்குச் சம்மதம். அந்தப் போட்டியில நீ ராத்திரி முழிச்சாக்கூட நான் காப்பி போட்டுத் தர்றேன்.

வர்ற ஜிமின் பெறந்தநாளுக்கு ஏழு மூட்டை எடுத்துக்கோ, ஆளுக்கு ஒண்ணு, யூங்கிக்கும் சேத்து. வண்டி வச்சு நம்ம பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துல எறக்கிருவோம். ரிப்பன்ல உன் கூட்டத்துப் பேரை எம்புட்டுப் பெருசா வேணும்னாலும் எழுதிக்கோ, தமிழ்ல எழுது. ஆனா சும்மா தர மாட்டேன், சொல்லிப்புட்டேன். நானும் யாவாரிதான், மூட்டைக்கு மார்க்கெட் விலை. மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டு உள்ள கார்டு இல்லையேன்னு திருப்பிக் கொண்டாரக் கூடாது.