துரைக்கும் துண்டு வேணும்டா தம்பி

வாடா தம்பி, திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வையி. வெளிநாட்டுக்குப் போறியாம், விசா வந்துருச்சாம், லயம் பூரா அதே பேச்சு. இன்சூரன்சும் போட்டுட்டியாமே? பலே. இனிமே உனக்குத் தடிமனே பிடிக்காது பாரு.

சிரிக்காத. ஹந்தானை ரோட்டுல இருந்தாரே ஒரு வெள்ளைக்காரர், அவரும் உன்னை மாதிரித்தான். தோட்டத்துத் துரை இல்ல. அவங்க ஊர்ல வாத்தியார் வேலை பார்த்துப் பென்சன் வாங்கினவரு. நாங்க வெச்ச பேரு பைல் துரை. கக்கத்துல எப்பவும் ஒரு கறுப்பு பைல். அதுல மஞ்சள், பச்சை, சிவப்புன்னு நாக்கு நாக்கா நீட்டிக்கிட்டு இருக்கும். மஞ்சள் விசா, பச்சை பேங்க், சிவப்பு இன்சூரன்ஸ். பால் ஊத்தப் போற என்னை வராந்தாவுல உக்கார வெச்சு, ஒரு பிளேன்டீயைக் குடுத்து, பைலைத் தொறந்துருவாரு. சம்பந்தி வீட்டுக்காரன் ஜாதகம் விரிக்கிற மாதிரி.

அம்பத்தஞ்சு வயசு தாண்டின வெளிநாட்டுக்காரங்க இங்க வந்து தங்குறதுக்கு நம்ம அரசாங்கம் ஒரு விசா வெச்சிருந்துச்சு. பேரைக் கேளு: 'மை ட்ரீம் ஹோம்'. கனவு வீடாம்! கனவுக்கு விலை என்னான்னா, பேங்குல 15,000 டொலர் போடணும். மாசாமாசம் வெளிய இருந்து 1,500 டொலர் வரணும். பெஞ்சாதியும் கூட வந்தா அந்தம்மாவுக்கு இன்னும் 750. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். "அப்ப ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழிச்சு, காசைக் காட்டிட்டுத் திரும்பத் தூங்கணுமா துரை?"ன்னு கேட்டேன். அவருக்குப் புரியல. புரிஞ்சிருந்தா அதையும் பைல்ல குறிச்சிருப்பாரு.

1852-ல லூல்கந்துரை தோட்டத்துக்கு ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு பொடியன் வந்தான், தெரியுமா? ஸ்கொட்லாந்துக்காரன், அப்பத்தான் மீசை மொளைக்குது. 1867-ல 19 ஏக்கர்ல தேயிலை போட்டான். அன்னைக்கு நம்ம ஆளுங்க முதுகுல ஏறின கூடை இன்னும் எறங்கல. நாப்பது வருசம் இந்த மலையிலயே கெடந்தான். எந்த ஆபீஸ் வாசல்ல வரிசையில நின்னான்? எவன்கிட்ட டொலர் காட்டினான்? கேக்க வேண்டியவனும் அவன் சாதிக்காரன்தானே.

சரி, கதைக்கு வர்றேன். 2020 மார்ச் 19. கொரோனாவுக்குப் பயந்து கட்டுநாயக்காவுக்கு ஆள் ஏத்திக்கிட்டு வர்ற பிளேனை நிப்பாட்டுனாங்க. மறுநாள் சாயங்காலம் நாடு பூரா ஊரடங்கு. கண்டி டவுன்ல வாவியைச் சுத்தி நடக்க ஒரு சனமும் இல்ல. கொஞ்ச நாள்ல பக்கத்துல அக்குறணையை ஊரோட சேர்த்து மூடுனாங்க. துரைக்கு விசா ஏப்ரல்ல முடியுது. முடிஞ்சா நாட்டை விட்டுப் போன்னு சட்டம் சொல்லுது. கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு 'வெளிய போ'ன்னா, மனுசன் எலி வளை வழியாவா போவான்?

நல்லவேளை, குடிவரவு ஆபீஸ்காரங்களே ஒரு புத்தி பண்ணுனாங்க. இங்க மாட்டிக்கிட்ட எல்லா வெளிநாட்டுக்காரனுக்கும் விசாவை ஒண்ணா நீட்டி விட்டாங்க. தவணை முடிய முடிய, துண்டு துண்டா நீட்டுனாங்க. துரைக்கு அதுவும் பத்தல. "நீட்டினதுக்கு என் பாஸ்போட்ல முத்திரை இல்லையே ஐயா"ன்னு ராத்திரித் தூக்கம் போச்சு. நாட்டையே இழுத்து மூடிட்டான், இவருக்கு சீல் வேணுமாம்!

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. நம்ம பாட்டன் காலத்துல துண்டுன்னு ஒண்ணு இருந்துச்சுடா. பட்ட கடனைத் தீர்த்தாத்தான் வேற தோட்டத்துக்குப் போகலாம்னு துரை எழுதிக் குடுக்கிற சீட்டு. துண்டு இல்லாதவன் மலை தாண்ட முடியாது. 1921-லதான் அதை ஒழிச்சாங்க. நூறு வருசம் கழிச்சு துரை துண்டு கேக்குறாரு, கூலிக்காரன் பேரன் ஆறுதல் சொல்றான். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு வெளையாட்டுப் புத்தி ஜாஸ்தி.

அந்தச் சிவப்பு நாக்கு இருக்கே, அது இன்னும் கூத்து. லென்ஸ் வெச்சுப் படிச்சுக் காட்டுனாரு. பெரிய எழுத்துல உலகம் பூரா காப்பாத்துவாங்களாம். சின்ன எழுத்துல, கொள்ளைநோய் நீங்கலாவாம். அதுக்கும் கீழ, வீட்டை விட்டுப் பயணம் கெளம்பினவனுக்குத்தான் செல்லுமாம். இவருக்கு வீடே ஹந்தானையில! அந்த மார்ச் மாசம் துரையோட லண்டன் அரசாங்கம் வெளியூர்ல இருக்கிற பயணிங்களை உடனே திரும்பி வரச் சொல்லிச்சு. அரசாங்கம் போகாதேன்னு சொன்ன எடத்துக்குப் போனா கம்பெனிக்காரன் கையை விரிச்சுருவான். சரி, இவரு எங்க போனாரு? இருந்த எடத்துல இருக்காரு. இருக்கிறவன் போனவன் கணக்கா? நான் ஒண்ணுதான் கேட்டேன்: "இத்தனை வருசம் கட்டின காசுக்கு ஒரு பால்மாடு வாங்கியிருக்கலாமே துரை?"

அதுக்குள்ள பிரஷர் மாத்திரை முடிஞ்சு போச்சு. இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் அடிச்சாரு. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பளைக் குரல், அப்புறம் பாட்டு. முக்கா மணி நேரம் பாட்டுக் கேட்டாரு, பிரஷர் இன்னும் ஏறுச்சு. என் மூத்தவன் மரக்கறி ஏத்துறதுக்கு ஊரடங்குப் பாஸ் வெச்சிருந்தான். வெறும் மாத்திரை அட்டையை வாங்கிட்டுப் போயி, ஒரு பார்மசிக் கதவைத் தட்டி, லீக்ஸுக்கும் கரட்டுக்கும் நடுவுல பத்திரமா வெச்சுக் கொண்டாந்தான். துரை அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன கேட்டாருங்கிற? பில்லு! கிளெய்ம் பண்ணணுமாம்.

அந்த நேரம் என் வீட்டுலயும் ஒரு வெளிநாட்டுக்காரி இருந்தா. யாரு? என் கூடப் பொறந்த தங்கச்சி. 1964-ல ரெண்டு நாட்டுப் பிரதமருங்க, சிறிமாவும் சாஸ்திரியும் உக்காந்து நம்மளைப் பங்கு போட்டாங்களே: அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பத்திப் பின்னாடி பேசிக்கலாம்னு. சந்தையில கருவாட்டைக்கூட அப்படிக் கூறு வெக்க மாட்டான். மச்சான் வீட்டுக்காரங்க இந்தியாவுக்கு எழுதிப் போட்டாங்க, நான் இங்கேயே நின்னுட்டேன். 1975-ல ஒப்பாரிக் கோச்சின்னு பேர் வாங்கின ரயில்ல ஏத்தி, தலைமன்னார்ல கப்பல் ஏத்தி விட்டோம். போனவ கூடலூர்ல அதே கொழுந்துதான் பறிச்சா. இங்க இருந்தப்ப கள்ளத்தோணி, அங்க போனா சிலோன்காரி. இப்ப பொறந்த லயத்தைப் பார்க்க முப்பது நாள் டூரிஸ்ட் விசா. டூரிஸ்ட்டாம்டா! எதைச் சுத்திப் பார்க்க? தொப்புள்கொடி பொதைச்ச எடத்தையா?

என் பேத்தி கல்யாணத்துக்கு வந்தவ மாட்டிக்கிட்டா. முப்பது நாள் மூணு மாசமாச்சு. ஜூன் 1ஆம் தேதி கொழும்புக்கு ஜலஷ்வான்னு இந்திய நேவிக் கப்பல் வந்து, எழுநூறு பேர்கிட்டத் தூத்துக்குடிக்கு ஏத்திக்கிட்டுப் போச்சு. "உன் பேரையும் குடுக்கவா?"ன்னு கேட்டேன். ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தவ திரும்பிக்கூடப் பார்க்கல. "ஒருக்கா கப்பல்ல ஏத்தி அனுப்பினியே அண்ணே, பத்தலையா?"

2021 ஜனவரி 21-ல டூரிஸ்ட்டுக்குத் திரும்பத் தொறந்தாங்க. பிசிஆர், 12 டொலருக்கு ஒரு மாச இன்சூரன்ஸ், குறிச்ச ஹோட்டல்ல மட்டும் தங்கல். அதுக்குப் பேரு 'பயோ பபிள்'. இங்க வேலைக்கு வந்த நம்ம தாத்தனை மண்டபம் கேம்புல நாள் கணக்கா அடைச்சு, அம்மை குத்தி, உடுதுணியை மருந்துப் புகையில போட்டு எடுத்து, நம்பர் அடிச்ச தகர டிக்கெட்டோடதான் அனுப்புனாங்க. அதுக்கு யாருமே அழகாப் பேர் வெக்கல.

கடைசியா ஒரு நாள் துரை சிவப்பு நாக்கைப் பிடிச்சு இழுத்து, ஒரு வரியைக் காட்டுனாரு. செத்துப் போனா உடம்பைச் சொந்த ஊருக்கு அனுப்ப முழுச் செலவும் கம்பெனியோடது. "இதுல மட்டும் சின்ன எழுத்தே இல்ல ஐயா. ஆனா நான் போக விரும்பல"ன்னாரு.

நான் டெய்லர் கதையைச் சொன்னேன். 1892-ல தோட்டத்துலயே செத்தாரு. ஆளு 246 இறாத்தலாம். தோட்டத்து ஆளுங்க பன்னெண்டு பன்னெண்டு பேரா ரெண்டு கூட்டம் மாத்தி மாத்தித் தூக்கி, மலை எறக்கி, கண்டி மஹியாவை மயானம் வரைக்கும் கொண்டாந்தாங்கன்னு சொல்லுவாங்க.

துரை ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, "எனக்கு எத்தனை பேர் வேணும்?"னு கேட்டாரு.

மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தேன். "உங்க உடம்புக்கு ஆறு பேர் போதும் துரை. மூத்தவன்கிட்டச் சொல்லி வெக்கிறேன்."

எழுதிக்கிட்டாருடா. புதுசா ஒரு நீல நாக்கு ஒட்டி.