ஒரு சொட்டு கசியவில்லை

மலாய் மொழியில் ஆற்றின் தலைப்பக்கம் ‘உலு’. அது போய்ச் சேரும் முகத்துவாரம் ‘குவாலா’, நம் வாயில் ‘கோல’. நாங்கள் குடியிருப்பது தலைப்பக்கத்தில், உலு யாமில். பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் கோலாலம்பூர்க்காரர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள். மின்படிக்கட்டில் கால் வைக்கத் தயங்குகிறவன், பேரங்காடியில் காரை எந்த மாடியில் விட்டோம் என்று மறந்து நிற்கிறவன், எல்லோரும் ‘உலு’. மற்றவர்களை அப்படிக் கேலி செய்யத்தான் செய்கிறார்கள். எனக்கு அடையாள அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக் கேலி பேசுகிற கூட்டம்தான் சனி, ஞாயிறானால் எங்கள் ஊருக்கு ஓடி வருகிறது. காலை ஏழு மணிக்கே பத்து மலைப் பக்கமிருந்து, பத்து அணைக்கட்டைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் சைக்கிள்காரர்கள் வந்து இறங்குவார்கள். உடம்போடு ஒட்டிய அந்த உடுப்பை முதன்முதலில் பார்த்த என் வீட்டுக்காரி, “பாவம், என்ன அவசரமோ, மேல்சட்டை மாட்டாம கெளம்பிட்டாங்க” என்றாள். பத்து மணிக்குப் பெரிய மோட்டார் சைக்கிள்கள். பகலில் லோ மீ சாப்பிடக் கார்கள். சுங்கை செண்டாட் நீர்வீழ்ச்சிக்குக் கரியும் கோழி இறக்கையும் பாயுமாகக் குடும்பங்கள். வெந்நீர் ஊற்றில் கால் நனைக்க ஒரு கூட்டம். ஆக, ஊர் உலகமெல்லாம் இளைப்பாற எங்கள் ஊருக்கு வருகிறது. நாங்கள் எங்கே போவது? நீர்வீழ்ச்சியைப் போய்ப் பார்க்கலாமென்றால், அது எங்களுக்குக் கடைக்குப் போகிற வழி மாதிரி.

சின்ன வயதில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் வெளியூர்ப் பயணம் என்றால் தைப்பூசத்துக்கு லாரியில் ஏறிப் பத்து மலை. பொழுதுபோக்கு என்றால் கோயில் திருவிழாவில் வெள்ளைத் துணி கட்டிப் போடும் படம். இரண்டையும் விட்டால் தூக்கம். ‘உங்கள் ஹாபி என்ன?’ என்று யாராவது என் அப்பாவைக் கேட்டிருந்தால், அது ஏதோ புது உரம் என்று நினைத்திருப்பார்.

எனக்கு அந்தக் கேள்வி வந்தது பணி ஓய்வுக்குப் பிறகு. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், மனதுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார். முதலில் ஆர்க்கிட் வளர்த்தேன். இருபத்திரண்டு தொட்டி. பூக்கும் நாளை எனக்கு முன்னால் குரங்குகள் கணக்குப் பண்ணி வைத்திருந்தன. மொட்டு விரிகிற அன்று காலையில் குடும்பத்தோடு வந்து பசியாறிவிட்டுப் போயின. அடுத்தது மருமகனின் சைக்கிள். அணைக்கட்டு வரைக்கும் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்தது உண்மை. காய்கறி லாரியில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே வந்தேன் என்பதைத்தான் இரண்டு மாதம் மறைக்க முடிந்தது.

மூன்றாவதுதான் நிலைத்தது: பழுது பார்ப்பது. வீட்டில் எது ஓடாவிட்டாலும் பிரித்துவிடுவேன். பிரிப்பதில் எனக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு என்பதை எதிரிகூட ஒப்புக்கொள்வான். பூட்டும்போதுதான் எப்போதும் இரண்டு திருகாணி மிஞ்சும். தயாரித்தவனுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்பது என் கட்சி. நான் கையை வைத்த ரொட்டி வாட்டும் பெட்டி இப்போது ரொட்டியைக் கூரைக்கு அனுப்புகிறது. துணி துவைக்கும் இயந்திரம் பிழியும்போது அடுப்படி வரை நடந்து வருகிறது. “இது பொழுதுபோக்கு இல்ல, பொருள்போக்கு” என்பாள் வீட்டுக்காரி. எனக்கு வருத்தம்தான். ஆனால் சொல்லடுக்கு நன்றாக இருந்ததால் மறுத்துப் பேசவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் மூன்று நீலத் தோங்குகளுக்கு மேலே இருக்கும் குழாயைக் கையில் எடுத்தேன். ஒரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய். எண்பது காசு வாஷர் ஒன்று வாங்கி வந்து மாற்றினேன். எதுவும் மிஞ்சவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் விடிந்தால் தண்ணீர் இல்லை. குழாய்ப் பராமரிப்பு என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது தண்ணீர் நின்ற பிறகு. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எங்கள் உலு சிலாங்கூர் மலைகளில் பிறக்கிற சிலாங்கூர் ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்களுக்குப் பெரிய ஆதாரம். கோல குபு பாரு பக்கத்தில் அதற்காகவே அணை கட்டி வைத்திருக்கிறார்கள். மழைக்கும் குறைவில்லை, அன்றைக்கும் விடியற்காலையில் கூரை பிளக்கிற மழை. வெளியே தண்ணீர், உள்ளே காற்று. குழாயைத் திறந்தால் ‘புஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான்.

தண்ணீர் நின்ற வீட்டில் எல்லோருக்கும் ஒரு வியாதி வந்துவிடும். சமையலறைப் பக்கம் போனால் குழாயைத் திறந்து பார்ப்பது. குளியலறையைத் தாண்டினால் அங்கேயும் ஒரு திருகு. காற்று வந்தால், “இன்னும் வரலை” என்று சபைக்கு அறிவித்துவிட்டு வந்துவிடுவது. திறந்ததை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஒன்றும் வராத குழாய் மூடின குழாய் மாதிரிதானே கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் தின்ற தோசைத் தட்டுகள் கழுவ வழியில்லாமல் சிங்க்கில் ஏறிக் கிடந்தன.

மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மகள் சொன்னாள்: “குளிக்கத் தண்ணி இல்லை, சமைக்கத் தண்ணி இல்லை, வீட்ல உக்காந்து என்னப்பா பண்றது? கோல சிலாங்கூர் போய் மின்மினி பாத்துட்டு வருவோம்.” உலுவில் தண்ணீர் இல்லாவிட்டால் கோலவுக்குப் போவது நியாயமாகத்தான் பட்டது. பிற்பகலில் ஐந்து பேர் மைவி காரில் ஏறினோம். எழுபத்தொன்பது வயது அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்தோம். கிளம்புமுன், பொறுப்பான குடும்பத் தலைவனாக, நான் ஒருமுறை உள்ளே போய்த் தோங்குக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். புது வாஷர் ஆயிற்றே.

ரவாங் வழியாகப் போனோம். பத்தாங் பெர்ஜுந்தை வந்தபோது அம்மா பெயரைச் சத்தமாகச் சொல்ல, பேரன், “பாட்டி, அது பெஸ்தாரி ஜெயா” என்று திருத்தினான். பெயரை மாற்றியது 2007ல். அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. “நான் மாத்தச் சொல்லலையே” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் செம்பனை. அவள் தேடியது பால் மரம்.

புக்கிட் மெலாவத்தியில் ஏறினோம். 1907ல் கட்டின கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கூடவே வெள்ளி முடிக் குரங்குகள். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம், யாரோ சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி. எங்கள் ஊர்க் குரங்குகளைப் போலப் பறிப்பதில்லை; கையிலிருந்து பயற்றங்காயை மெதுவாக வாங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் இருபத்திரண்டு தொட்டி ஆர்க்கிட் மனதில் வந்து போனதால் நான் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஒன்று நேராக வந்து என் தோளில் உட்கார்ந்தது. படமெடுக்கும் வரை எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இருட்டியதும் கம்போங் குவாந்தான். நாலு பேருக்கு ஒரு சம்பான். மிதவைச் சட்டை மாட்டி, கைபேசி வெளிச்சம் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். மகளும் பேரனும் வீட்டுக்காரியும் முந்தின படகில் போய்விட, அம்மாவும் நானும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு தம்பதியோடு உட்கார்ந்தோம். எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். “ஐயோ, போன ஞாயித்துக்கிழமை அங்கதான் இருந்தோம்! லோ மீ! நீங்க கொடுத்துவச்சவங்க, நெனச்சா அருவி!” என்றார் அந்த அம்மா. காலையிலிருந்து குளிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாமல் தலையாட்டினேன்.

படகு பெரெம்பாங் மரங்களை ஒட்டி நகர்ந்தது. மரம் முழுக்க மின்மினி. தனித்தனியாக மின்னவில்லை, ஒரு மரத்தில் இருக்கிற அத்தனையும் ஒரே தாளத்தில் அணைந்து, ஒரே தாளத்தில் எரிகின்றன. ஆண் பூச்சிகள் பெண்ணை அழைக்கிற சாடை அது என்று துடுப்புப் போட்டவர் மலாயில் சொன்னார். புழுப் பருவத்தில் இவை ஆற்றோரத்து நத்தையைத் தின்று வளர்கிறவையாம். பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாதான் பேசினாள். “நம்ம மலைக்காடு மாதிரியே இருக்குடா.”

“எது?”

“விடியக்காலம் பெரட்டு முடிஞ்சி ஆளுங்க நெரைக்குள்ள போவாங்களே, நெத்தியில வெளக்கைக் கட்டிக்கிட்டு. லயத்துல இருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்.” வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், நாற்பது வருடம் அவள் இருட்டிலேயே போனவள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்களைப் பாக்க யாருடா டிக்கெட் வாங்கினா?” என்றாள்.

திரும்பும்போது காரில் வீட்டுக்காரிக்கு ஒரே கவலை. “மினுக்குறது ஆம்பிளைங்கதானா? அதான பாத்தேன். பொம்பளைங்களுக்கு வேலை இருக்கும்.” பேரன் தூங்கிவிட்டான். பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றது.

கதவுக்கு அடியிலிருந்து சன்னமாக ஓர் ஓடை, படியிறங்கிப் பூச்செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அருமையாகச் சலசலத்தது. கதவைத் திறந்தேன். ஒரு செருப்பு என்னை வரவேற்க மிதந்து வந்தது.

நடந்தது இதுதான். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் தண்ணீர் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சமையலறைக் குழாய் முழுதாகத் திறந்து கிடந்தது. தோசைத் தட்டுகளில் ஒன்று நழுவி, சிங்க்கின் ஓட்டையை அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி மூடிக்கொண்டது. சிங்க் நிறைந்து, சமையலறை நிறைந்து, கூடத்துக்கு வந்து, பழைய பேப்பர்க் கட்டைக் கஞ்சியாக்கி, அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைச் சாமி அறை வாசல் வரை கொண்டு போய்ச் சேர்த்திருந்தது. 1883ல் பழைய கோல குபுவில் அணை உடைந்து ஊரையும், மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ஆற்றைக் காவல் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் வெள்ளம் வந்தது என்று கதை சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதலையை யார் சுட்டது என்று விசாரணை ஆரம்பமானது. மகள் ஒன்பது மணிக்குத் திறந்து பார்த்தாளாம். வீட்டுக்காரி பத்தரைக்கு. அம்மா எண்ணவில்லையாம். பேரன் தூக்கக் கலக்கத்தில், “தாத்தாதான் கடைசியா தெறந்தாரு, நான் பாத்தேன்” என்றான். குழந்தை சாட்சியை நீதிமன்றம் அவ்வளவாக ஏற்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

தரையில் வைத்திருந்த என் பழுதுபார்க்கும் பெட்டியும், பிரித்துப் போட்டிருந்த காற்றாடி மோட்டாரும் முழுகிக் கிடந்தன. வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள். “மோட்டார் போச்சா?” என்று கேட்டாள். போச்சு என்றேன். “முருகா” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அது முறையிட்ட கும்பிடு இல்லை.

இரவு இரண்டு மணி வரை ஈர்க்குமாற்றால் தள்ளினோம். ஆளுக்கொரு துடுப்பு. முடித்தபோது, குடிவந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக அந்தத் தரையை யாரும் பார்த்ததில்லை. எல்லாக் குழாயையும் நானே மூடிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பல் துலக்கப் போன மகள் கூப்பிட்டாள். “அப்பா, காத்துதான் வருது.” வாட்ஸ்அப்பில் புதுச் செய்தி: பணி இன்னும் முடியவில்லை, பொறுத்தருளவும். வீட்டுக்காரி வாளியை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைத் தோங்குகளிடம் போனாள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மூன்றும் மத்தளம் மாதிரி முழங்கின.

வீடு முழுக்க ஆறு ஓடிய அந்த ராத்திரி, அந்த ஒரு குழாய் மட்டும் நான் இறுக்கிய இறுக்கில் அப்படியே இருந்திருக்கிறது. எண்பது காசு வாஷர். ஒரு சொட்டு கசியவில்லை.