ஆறு நிமிஷம் நடக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 65 வயது. கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் பரிசோதனைகள் நடக்கின்றன. ரத்தம், ஸ்கேன், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இப்போது வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு இது ஒரு டெஸ்டா?
— ஒரு மகள், மாரிக்குப்பம்

பதில்: உங்கள் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சும்மா தொங்குகிற கயிற்றைப் பார்த்துவிட்டு, ஆளை இறக்கும் கேஜில் ஏறுவார்களா? பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் கயிற்றின் பலம் தெரியும். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் படுத்திருக்கும் இதயத்தைத்தான் பார்க்கின்றன.

கல்லீரல் இறுகிச் சுருங்கிய நோயாளிக்கு உடம்பெங்கும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். ரத்தத்தைத் தள்ளும் இதயத்துக்கு எதிரே தடை குறைவு. இறக்கத்தில் சைக்கிள் விடுகிறவரைப் போல அது சுலபமாக ஓடும். எக்கோவில் 'பம்பிங்' அழகாக வரும், வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள்.

ஆபரேஷன் மேஜையில் நிலைமை வேறு. பழைய கல்லீரலை எடுக்கும்போது, கீழிருந்து இதயத்துக்கு வரும் பெரிய சிரையை முழுக்கவோ ஓரளவோ அடைக்க வேண்டியிருக்கும். இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். பிறகு புதுக் கல்லீரலை இணைத்து அந்த அடைப்பை எடுக்கும் நொடியில், ஐஸில் இருந்த அந்த உறுப்பிலிருந்து குளிர்ந்த, பொட்டாசியம் மிகுந்த ரத்தம் நேரே இதயத்துக்குள் பாயும். ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். மயக்க மருந்து டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காத நிமிஷங்கள் அவை. புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கியதும், விரிந்து கிடந்த குழாய்கள் வரும் நாட்களில் மெல்ல இறுகும். அத்துடன் இறக்கம் முடிந்து மேடு தொடங்குகிறது. அந்த மேட்டை உங்கள் அப்பாவின் இதயம் ஏறுமா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளத்தான் இந்த நடை.

எளிய டெஸ்ட்தான், ஆனால் லேசாக நினைக்காதீர்கள். 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் அடையாளம், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. ஆறு நிமிஷத்தில் 250 மீட்டரைத் தாண்டாதவர்களுக்கு, உறுப்புக்காகக் காத்திருக்கும் காலத்திலேயே உயிர் ஆபத்து அதிகம் என்று 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 250 மீட்டர் என்பது அந்த வராந்தாவின் எட்டு நீளத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

கேள்வி: என் அண்ணனை சைக்கிளில் உட்காரவைத்து, முகமூடி மாட்டி மிதிக்கச் சொன்னார்கள். இது என்ன?
— உரிகம் வாசகர்

பதில்: அதே கேள்விதான், இன்னும் நுணுக்கமான அளவுகோல். மிதிக்க மிதிக்கச் சைக்கிள் கனமாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று முகமூடி வழியே மெஷின் அளக்கும். ஒரு கட்டத்தில், தசை கேட்கும் ஆக்ஸிஜனை இதயமும் நுரையீரலும் கொடுக்க முடியாமல், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறத் தொடங்கும். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். சும்மா உட்கார்ந்திருக்கவே ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லி ஆக்ஸிஜன் செலவாகும். இங்கிலாந்தின் நியூகாசிலில் 2012-இல் வந்த ஆய்வில், அந்த எல்லை 9 மில்லிக்கு மேல் இருந்தவர்கள் கல்லீரல் மாற்றுக்குப் பின் நன்றாகத் தேறினார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த மெஷின் இல்லை. இல்லாத இடத்தில் ஆறு நிமிஷ நடை பெரிய துணை.

கேள்வி: எங்கள் அப்பா சாம்பியன் ரீஃபில் 20 வருஷம் அண்டர்கிரவுண்டில் பாறை உடைத்தவர். அவருக்குப் பலமில்லையா என்று டெஸ்ட் வைப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
— ஒரு மகன், சாம்பியன் ரீஃப்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, தம்பி. ஆனால் சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அந்தத் தோள் கால் நூற்றாண்டுக்கு முந்தையது. நடுவில் வந்த கல்லீரல் நோய் தசையைத் தின்றிருக்கும். கெட்டுப்போன கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ராத்திரி எட்டு மணி நேரம் சாப்பிடாமல் தூங்கினாலே உடம்பு தன் தசையைக் கரைத்துச் சமாளிக்கும். வயிற்றில் நீர் கட்டியிருப்பதால் எடை மெஷினில் குறைவு தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லித் தொடையைப் பாருங்கள். நெற்றிப் பொட்டில் குழி விழுந்திருக்கிறதா பாருங்கள்.

இந்தப் பலவீனத்தை அளக்கவென்றே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெனிஃபர் லாய் என்ற டாக்டரும் குழுவினரும் 2017-இல் ஒரு சின்னக் கணக்கு வகுத்தார்கள். கையால் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். பாதங்களைச் சேர்த்து வைத்து, பாதி முன்னே வைத்து, ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, தலா பத்து வினாடி நிற்க வேண்டும். மூன்றும் முடிய ஐந்து நிமிஷம் ஆகாது. பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் அது நீளமான ஐந்து நிமிஷம். மூன்றாவது தடவை எழும்போது கை தானாக மார்பை விட்டு நாற்காலிப் பிடியைத் தேடும். அப்போது ஓடிப்போய்த் தாங்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா சுரங்கத்தில் எத்தனை வருஷம், என்ன வேலை செய்தார் என்பதைப் பெங்களூர் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பாறைத்தூசி படிந்த நுரையீரல் இருந்தால் மூச்சு வாங்குவது இதயத்தாலா, கல்லீரலாலா, சிலிகோசிஸாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த டாக்டருக்குத் தங்கவயல் என்றால் சினிமாதான் நினைவுக்கு வரலாம்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். உழைக்கும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அளப்பது உங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. தங்கவயல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கேப்ளன் என்ற ஆங்கிலேய டாக்டர், சுரங்கத்தின் அடியில் ஆட்கள் ஏன் சுருண்டு விழுகிறார்கள் என்று ஆராய்ந்து 1944-இல் எழுதினார். ஆழத்துச் சூடு வேலைத்திறனை எப்படிக் குறைக்கிறது என்று லிண்ட்ஸே என்பவரோடு சேர்ந்து 1946-இல் எழுதினார். பின்னால் 1953-இல் அவர் விவரித்த, மூட்டுவாதமும் நுரையீரல் தூசிநோயும் சேர்ந்து வரும் ஒரு நிலைக்கு அவர் பெயரே வந்தது. அந்த அறிவுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் உங்கள் தாத்தாக்கள். அவர்கள் பெயர் எந்த நோய்க்கும் ஆராய்ச்சிக்கும் வைக்கப்படவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

கேள்வி: டெஸ்டில் தேறாவிட்டால் லிஸ்டில் பெயரை எடுத்துவிடுவார்களா?
— ராபர்ட்சன்பேட்டை

பதில்: ஒரே ஒரு நடையை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. இதயத்தில் அடைப்பு தெரிந்தால் முதலில் அதற்கு வைத்தியம். கால் பலவீனம் என்றால் சாப்பாடும் பயிற்சியும் கொடுத்து மறுபடி பார்ப்பார்கள். நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் மிக அதிகம் என்றால் முதலில் மருந்தால் அதை இறக்க வேண்டும். இறக்காமல் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் குறையை மறைத்துப் பாஸாவது உங்களுக்கே கேடு. முந்தின நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு 'தெம்பாக' வருவது போன்ற வேலையெல்லாம் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. நடக்கவே முடியாது. என்ன செய்வார்கள்?
— ஆண்டர்சன்பேட்டை

பதில்: கையால் சுற்றும் சைக்கிள் உண்டு. அதுவும் முடியாதென்றால் டோபுட்டமின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, படுத்திருக்கும்போதே இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எக்கோ பார்ப்பார்கள். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக் குழாய்களுக்காக அம்மா பிராப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது துடிப்பை ஏறவிடாது, டெஸ்ட் அரைகுறையாக முடியலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ரத்தவாந்தியில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: படுத்தால் மூச்சு சரியாக இருக்கிறது. எழுந்து நின்றால் வாங்குகிறது. பலவீனம்தானே?
— கோரமண்டல்

பதில்: இல்லை. இதயக் கோளாறில் பெரும்பாலும் படுத்தால்தான் மூச்சு முட்டும். உங்களுக்கு நேர்மாறு. கல்லீரல் நோயால் நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து, ரத்தம் ஆக்ஸிஜனை வாங்காமலே கடந்துபோகும் நிலை ஒன்று உண்டு. நின்றால் அது கூடும். இதே வார்த்தைகளில், இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு உண்மையான தீர்வே கல்லீரல் மாற்றுதான்.

கேள்வி: கல்லீரல் நோயாளிக்குப் பருப்பு, முட்டை கொடுத்தால் மூளை குழம்பும் என்கிறார்களே?
— ஒரு மனைவி, பங்காரப்பேட்டை

பதில்: பழைய பேச்சு, அம்மா. அந்தப் பேச்சால் எத்தனை பேர் கஞ்சியே குடித்து எலும்பானார்கள்! குழப்பத்துக்குக் காரணமான அம்மோனியாவில் ஒரு பங்கைச் சுத்தம் செய்வதே தசைதான். தசை போனால் குழப்பம் கூடும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன இன்றைய வழிகாட்டல்கள். (வயிற்று நீரைக் கழித்த எடைக்கு.) பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் கொடுங்கள். படுக்கப் போகும்முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். கேழ்வரகுக் கூழும் ஒரு கிண்ணம் சுண்டலும் போதும். உப்பில்தான் கண்டிப்பு வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நடந்தால் உள்ளே ரத்தக் குழாய் வெடிக்காதா?
— மாரிக்குப்பம், இன்னொருவர்

பதில்: நல்ல பயம். மிதிக்கும் நேரத்தில் கல்லீரலுக்கு வரும் சிரையில் அழுத்தம் கொஞ்சம் ஏறுவது உண்மை. மேலே சொன்ன பிராப்ரனலால், கார்வெடிலால் மாத்திரைகள் அதைத் தடுக்கும். உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் பெரிதாகப் புடைத்திருந்தால் எண்டோஸ்கோப்பியில் ரப்பர் வளையம் போட்டபிறகு நடக்கலாம். பருமனான நோயாளிகளை வைத்து ஸ்பெயினில் 16 வாரம் உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள், 2017-இல் முடிவு வந்தது. எடையோடு அந்த அழுத்தமும் இறங்கியது. மூச்சைப் பிடித்துக் கனம் தூக்குவது மட்டும் கூடாது. மலம் கறுத்தால், பேச்சு தடுமாறினால், நெஞ்சு வலித்தால் நடையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்கு இன்னும் மாதங்கள் ஆகலாம் என்கிறார்கள். வீட்டில் என்ன செய்வது? அவர் கட்டிலை விட்டு எழ மறுக்கிறார்.
— உரிகம், லைன் வீட்டிலிருந்து ஒரு மனைவி

பதில்: வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இன்றைக்கே தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். முடியாவிட்டால் இரண்டு முறை. பிறகு லைன் வீட்டு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடை. விடியற்காலை, காற்று எழும்முன் நல்லது. சுரங்கக் கழிவான சயனைடு மண்மேட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி ஊருக்கே தொல்லை, அவருக்குச் சொல்லவே வேண்டாம். தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் அவரோடு ஒரே ஷிஃப்டில் இறங்கிய கூட்டாளி யாராவது இருப்பார். அவரிடம் போய், "அண்ணா, விடியற்காலையில் இவரைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் கூப்பிட்டு வராதவர் அவர் கூப்பிட்டால் சட்டையை மாட்டுவார். எத்தனை முறை எழுந்தார், எத்தனை வாசல் தாண்டினார் என்று நாள்காட்டியில் எழுதிவையுங்கள். அடுத்த தடவை பெங்களூர் போகும்போது அந்தத் தாளைக் கிழித்து ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.