கிரிக்கெட் பாராமுகம்: சில முதற்குறிப்புகள்

1. ஆய்வின் தேவை

தமிழ்நாட்டில் கிரிக்கெட் ரசிகரைப் பற்றி இனி எழுத ஒன்றும் மிச்சமில்லை. அவருக்காகப் படம் எடுத்தாயிற்று, பாட்டுப் போட்டாயிற்று, மஞ்சள் சட்டையும் தைத்தாயிற்று. ஆனால் அதே வீட்டில், அதே சோபாவின் ஓரத்தில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டோ முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டோ இருக்கும் இன்னொருவரை அறிவுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆட்டம் அவர் கண்முன்னேதான் நடக்கிறது. அவர்தான் பார்ப்பதில்லை. இவரை இக்கட்டுரை ‘பாராமுகர்’ என்று குறிக்கும்.

சட்டமும் இவரைக் கண்டுகொள்ளவில்லை. 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம்வரை போய், வானலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பானது. பொதுச்சொத்து என்றால் பாராமுகருக்கும் அதில் பங்கு உண்டு. என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு கட்டாயம் பகிர வேண்டும் என்று 2007-ல் ஒரு சட்டமும் வந்தது. பார்க்க விரும்புகிறவர் வீட்டுக்கு ஆட்டம் போய்ச் சேர அரசு வழி செய்துவிட்டது. பார்க்க விரும்பாதவர் எங்கே போய்ச் சேருவது என்பதற்கு அதில் பிரிவு எதுவும் இல்லை. அந்தக் குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. வரையறை

பாராமுகர் என்று சொல்லிக்கொண்டு வரும் போலிகள் மூவர். அவர்களை முதலில் கழித்துக்கட்ட வேண்டும்.

முதலாமவர் கிரிக்கெட்டை வெறுப்பவர். ஒன்றை வெறுக்க வேண்டுமானால் அதை விடாமல் கவனித்தாக வேண்டும். எந்த வீரர் எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு வாங்கினார், எந்தத் தேர்வில் யாருக்கு யார் சிபாரிசு என்பதெல்லாம் ரசிகரைவிட இவருக்குத்தான் அத்துப்படி. இவ்வளவு உழைப்பு பாராமுகருக்கு ஆகாது.

இரண்டாமவர் விட்டுவிட்டவர். ஹன்சி குரோனியே விவகாரம் வெடித்த 2000-லும் சச்சின் ஓய்வுபெற்ற 2013-லும் இவ்வினம் பெருகியது. “அதோட விட்டுட்டேன் சார்” என்பது இவர்களின் அடையாள வாசகம். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், நேற்று ராத்திரி சூப்பர் ஓவர்வரை விழித்திருந்தது தெரியவரும்.

மூன்றாமவர் வேறு ஆட்டத்தின் ரசிகர். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது, “இதுக்கு எவன் விசில் போடறான்?” என்று குமுறியவர் இவர். கபடிக்காகவும் கேரமுக்காகவும் இதேபோல் குமுறுகிறவர்கள் உண்டு. குமுறலில் நியாயம் இருக்கலாம், பாராமுகம் இல்லை.

இம்மூவரும் போக எஞ்சுபவரே உண்மைப் பாராமுகர். யார் ஜெயித்தாலும் அவருக்குச் சம்மதம், யாருமே ஜெயிக்காவிட்டாலும் சம்மதம். 1986-ல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. மணிந்தர் சிங்குக்குக் கொடுத்த கடைசி எல்பிடபிள்யூ சரியா தப்பா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அன்றைய முடிவில் ஒரு மனக்குறையும் இல்லாதவர் பாராமுகர் ஒருவராகவே இருந்திருப்பார் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

3. வகைப்பாடு

உண்மைப் பாராமுகர் மூவகையினர்.

(அ) பிறவிப் பாராமுகர். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கு இவரே சான்று. தெருவில் இரண்டு அணியும் பிரித்த பிறகு ஒரு பையன் மிஞ்சுவான். அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துச் சாக்கடை ஓரமாக நிறுத்துவார்கள். பந்து உள்ளே விழுந்தால் எடுத்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. மாங்கா எறிந்தானா இல்லையா என்று நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துச் சண்டை நடக்கும்போது, அவன் குத்தவைத்து உட்கார்ந்து எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பான். “டேய், பந்து போகுதுடா!” என்ற கூக்குரல் அவன் காதில் விழும்போது பந்து நாலு வீடு தாண்டியிருக்கும்.

(ஆ) மறைவுப் பாராமுகர். இவர் பெரும்பாலும் அலுவலகங்களில் காணப்படுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி மேட்ச் பற்றிக் கேட்க, பயத்தில் தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து ரசிகராக வாழ்ந்துவருபவர். இவரிடம் மூன்று வாக்கியங்கள் கைவசம் உண்டு. “டாஸ் முக்கியம் சார்.” “பிட்ச் கொஞ்சம் ஸ்லோதான்.” “மிடில் ஆர்டர்தான் நமக்கு எப்பவும் பிரச்சினை.” இம்மூன்றும் எந்த ஆண்டு, எந்த அணி, எந்த ஆட்டத்துக்கும் பொருந்துவன. இவற்றை மாற்றி மாற்றிப் போட்டே பணி ஓய்வுவரை பிடிபடாமல் போகலாம். பிரிவுபசார விழாவில் மட்டையும் பந்தும் பொறித்த கேடயம் தருவார்கள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

(இ) வாக்கப்பட்ட பாராமுகர். ரசிகர் இருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டதால் ரிமோட்டைப் பறிகொடுத்தவர். ஆண்பாலிலும் உண்டு. சீரியல் போயிற்றே என்ற வருத்தம் இவருக்கு உண்டெனினும், அது கிரிக்கெட் மீதான கருத்து ஆகாது.

4. கள ஆய்வு

பாராமுகரின் நிலையை அறிய ஏற்ற களம் சலூன். திருநெல்வேலிப் பக்கத்துச் சலூன் ஒன்றில், இந்தியா ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவ்வாய்வாளரே ஆய்வுப்பொருளாக நாற்காலியில் அமர்ந்தார். டிவி, கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. கடைக்காரர் கண்ணாடியில் தெரியும் டிவியைப் பார்த்துக்கொண்டே கத்தரியை ஓட்டினார். அதில் வலக்கை ஆட்டக்காரர் எல்லாம் இடக்கை ஆட்டக்காரராகத் தெரிவதை அவர் பொருட்படுத்தவில்லை.

வலப்பக்கக் கிருதா முடிந்து இடப்பக்கத்தில் கத்தி வைத்த நேரம், அம்பயர் விரலைத் தூக்கினார். கத்தி காதோரம் அப்படியே நின்றது.

“என்னாச்சு?”

“அசையாதிய அண்ணாச்சி. ரிவ்யூ போயிருக்கு.”

பந்து எங்கே குத்தியது, எங்கே பட்டது, படாமல் போயிருந்தால் எங்கே போயிருக்கும் என்று மூன்று கட்டமாகத் திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கத்திக்குக் கீழே இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அறையிலேயே மிகுந்த பதற்றத்தோடு அந்தத் தீர்ப்பை எதிர்பார்த்தவர் அவர்தான். நாட் அவுட். கத்தி இறங்கியது. பாராமுகருக்கும் ஆட்டத்தின் முடிவில் சொந்த அக்கறை பிறக்கும் தருணங்கள் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

5. கண்டடைவுகள்

முதற்கண்டடைவு: முழு அறியாமை எட்டாக்கனி. பாராமுகருக்குக் கிரிக்கெட் தெரியாது என்பது பரவலான தவறான எண்ணம். இந்த மண்ணில் அதைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. 1983-ல் லார்ட்ஸில் இந்தியா எடுத்தது 183 என்பதும், 2011-ல் வான்கடேயில் தோனி கடைசியாக அடித்தது சிக்ஸர் என்பதும் அவர் கேட்காமலே அவருக்குள் போய்விட்டன. மழை வந்தால் டக்வொர்த், லூயிஸ் என்று இரண்டு பேர் கணக்குப் போட வருவார்கள் என்று தெரியும். பின்னால் ஸ்டெர்ன் என்ற மூன்றாமவரும் சேர்ந்துகொண்டது வரை தெரியும். சொந்த அத்தை மகன் பெயர் சட்டென்று நினைவுக்கு வராதவருக்கு ரவீந்திர ஜடேஜா இடக்கை ஆட்டக்காரர் என்பது நினைவில் நிற்கிறது. கிரிக்கெட் ஆடாத நாட்டுக்கு இவரை அனுப்பினால், அங்கே பயிற்சியாளராகவே வேலை கிடைக்கலாம்.

இரண்டாம் கண்டடைவு: பாராமல் அறிதல். தெருவின் ஓசையை வைத்தே ஆட்டத்தைச் சொல்லிவிட முடியும். விசில் என்றால் பவுண்டரி. “ஐயோ” என்று நாலைந்து வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் விக்கெட். குழந்தைகள் மட்டும் கத்தினால் விளம்பர இடைவேளை. வெடிச் சத்தம் வெற்றி. பத்தே முக்காலுக்குத் தெருநாய் குரைப்பது துல்லியமாகக் கேட்டால் தோல்வி. இதில் ஒரு விந்தையும் உண்டு. செல்போனில் பார்ப்பவருக்கு ஆட்டம் பல நேரங்களில் டிவியைவிடச் சில நொடிகள் பிந்தித்தான் வருகிறது. பக்கத்து வீட்டு டிவியின் “ஐயோ” காதில் விழும்போது அவர் திரையில் பௌலர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பார். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும் பாராமுகருக்கோ விக்கெட் விழுந்தது அப்போதே தெரியும். பார்ப்பவரைவிடப் பாராதவர் முந்தி அறியும் ஒரே ஆட்டம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாம் கண்டடைவு: பாராமுகர் இல்லையேல் ஆட்டம் இல்லை. இறுதிப் போட்டியன்று கரண்ட் போனால் மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் பறக்கிறது. அதை எடுத்து “ஆள் போயிருக்காங்க சார்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அடுப்பில் பொங்கும் பாலை இறக்கவும், காலிங் பெல்லுக்குக் கதவைத் திறக்கவும், ஊரிலிருந்து வரும் மாமியாரை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவரவும் ஒருவர் வேண்டும். கைம்மாறாக அவருக்குக் கிடைப்பது காலியான சாலை. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று மாலை அண்ணா சாலையில் வண்டி ஓட்டியவருக்கு அந்தச் சுகம் புரியும்.

6. தடைகளும் விடைகளும்

தடை: “நாட்டுப்பற்று இல்லையா?” விடை: 1999 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. மைதானம் முழுக்க எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. ஆட்டம் வேறு, நாடு வேறு என்று சென்னை ரசிகர்களே காட்டிவிட்டார்கள். பாராமுகர் அதில் ஒருபடி மேலே போகிறார், அவ்வளவே.

தடை: “மிச்சம் பிடிக்கிற நேரத்தில் என்ன சாதித்தீர்?” விடை: ஒன்றுமில்லை. ஆனால் இக்கேள்வி இரு பக்கமும் வெட்டும். 1939-ல் டர்பனில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும், முடிவு தெரியும்வரை ஆடுவது என்று ஒரு டெஸ்ட் தொடங்கின. மார்ச் 3-ல் ஆரம்பித்து 14 வரை போயிற்று. இங்கிலாந்து வெல்ல 696 தேவை, எடுத்தது 5 விக்கெட்டுக்கு 654. ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று அத்தோடு மூட்டையைக் கட்டினார்கள். ஆட்டம் டிரா. அந்நாட்களில் வீட்டில் சும்மா இருந்தவர் அடைந்த முடிவும் அதுவே.

தடை: “ரசிகரோடு எப்படி ஒத்துப்போவீர்?” இதற்கு வரலாற்றுச் சான்று கேம்பிரிட்ஜில் உள்ளது. பேராசிரியர் ஹார்டி கிரிக்கெட் பித்தர். கணித மேதைகளையே ‘ஹாப்ஸ் வகுப்பு’ என்றும், பிராட்மன் ஆடவந்த பிறகு ‘பிராட்மன் வகுப்பு’ என்றும் தரம் பிரித்தவர். அவரும் கும்பகோணத்து ராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் ஒரு விக்கெட்டும் விழவில்லை. பட்னி மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன ஹார்டி சொன்ன எண் 1729. அது அவர் வந்த டாக்சியின் எண், யாருடைய ஸ்கோரும் அல்ல.

7. முடிவும் பரிந்துரையும்

ரசிகரின் நாட்டம் ஆட்டத்தின் மீதுதானா என்பதே இவ்வாய்வு இறுதியில் எழுப்பும் ஐயம். 2024 நவம்பரில் ஐபிஎல் ஏலம் ஜெத்தாவில் இரண்டு நாள் நடந்தது. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள். ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். இதையும் ஊர் உட்கார்ந்து பார்த்தது, பேசியது, சண்டை போட்டது. ஆகவே வேண்டியிருப்பது பேச்சுத் துணை. மட்டையும் பந்தும் அதற்கு ஒரு சாக்கு. “ஸ்கோர் என்ன?” என்று லிஃப்டில் கேட்பவர், வாசலில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பவரைப் போலத்தான். சாம்பாரா ரசமா என்பது அவருக்கு முக்கியமில்லை.

எனவே பாராமுகருக்குப் பரிந்துரை ஒன்றே. “நான் கிரிக்கெட் எல்லாம் பாக்கறதில்ல” என்று கதவைச் சாத்த வேண்டாம். “பாக்கல, என்னாச்சு?” என்று கேட்டால் போதும். ரசிகரின் நெடுநாள் குறை ஒன்று அப்போது தீர்கிறது. இன்னொரு ரசிகரிடம் அவரால் ஆட்டத்தை முழுசாகச் சொல்ல முடியாது. மூன்றாவது ஓவரிலேயே எதிராளி குறுக்கே விழுந்து, அது நோ பால், அந்தக் கேப்டனைத் தூக்கணும் என்று தொடங்கிவிடுவார். மறுத்துப் பேச ஒன்றும் தெரியாத, முடிவும் தெரியாத ஒரு ஜோடிக் காது அவருக்கு ஊரில் வேறெங்கும் கிடைக்காது. டாஸிலிருந்து கடைசிப் பந்துவரை அவர் சொல்லட்டும். நடுவில் எங்காவது ஓர் இடத்தில் “டாஸ் முக்கியம்தான்” என்று சொல்லிவைத்தால், டீக்குக் காசும் அவரே கொடுத்துவிடுவார்.