லெனான் வந்த ஊரும் பூந்தமல்லி ரூட்டும்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

மச்சான்,

பனி எத்தனை அடி, சம்பளம் எவ்வளவுன்னு கேட்டிருந்தே. ரெண்டையும் அப்புறம் சொல்றேன். இந்த ஊர்க்காரங்களோட காலேஜ் பெருமையை முதல்ல கேளு.

நான் வந்து இறங்கினப்போ வீட்டுக்கு வீடு மஞ்சளும் நீலமுமா கொடி. ஏதோ இடைத்தேர்தல்னு நினைச்சேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கொடியாம். சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்னா 1,07,601 பேர் உட்கார்ற ஸ்டேடியம் நிறைஞ்சிடுது. மளிகைக் கடை வரிசையில முன்னபின்ன தெரியாதவன் 'கோ ப்ளூ'ன்னு கத்தினா, நாம பதிலுக்குக் கத்தணும். பக்கத்து மாநிலமான ஓஹையோவோட கலர் சிவப்பு. நவம்பர்ல ரெண்டு பேருக்கும் மேட்ச். அந்த வாரம் சிவப்பு ஸ்வெட்டர் போட்டவனை, பிரெசிடென்சி பஸ்ல ஏறிட்ட பச்சையப்பன்காரனைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறாங்க.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கேயே படிச்சவர். பனி தள்ளும்போதெல்லாம் ஒரே கதை: 1971 டிசம்பர் 10, கேம்பஸ்ல கிரைஸ்லர் அரங்கம். ரெண்டு கஞ்சா சுருட்டு கொடுத்ததுக்காக ஜான் சின்க்ளேர்னு ஒரு கவிஞருக்குப் பத்து வருஷம் ஜெயில் போட்டுட்டாங்க. அவரை விடச் சொல்லித்தான் அந்தக் கச்சேரி. ஜான் லெனானும் யோகோ ஓனோவும் மேடை ஏறினப்போ விடியக்காலை மூணு மணி இருக்கும். மூணாவது நாள் கவிஞர் வெளியே வந்துட்டார். அந்த அரங்கத்துல பதினஞ்சாயிரம் பேருக்கு மேல கொள்ளாது. ஆனா இந்த ஊர்ல எழுபதைத் தாண்டின யாரைக் கேட்டாலும், அன்னைக்கு உள்ளேதான் இருந்தேங்கறாங்க.

"உங்க காலேஜ்ல கச்சேரி உண்டா?"ன்னு கேட்டார். நம்ம பச்சையப்பன் காலேஜ்ல தினமும் உண்டுன்னேன். அரங்கம் எதுன்னார். மாநகரப் பேருந்துன்னேன்.

அப்புறம் விளக்கி மாளல. பூந்தமல்லி ரூட்டு பஸ்ல வானகரம் ஸ்டாப்புல ஏறினா மதுரவாயல் வரைக்கும் தொண்டையைச் சரி பண்ணுவோம். நெற்குன்றம் வந்ததும் ரூட்டு தல, அதாவது அந்த ரூட்டுப் பசங்களோட தலைவன், முதல் வரியை எடுத்துக் கொடுப்பான். கோயம்பேடு சிக்னல்ல பஸ் நின்னா, தகரத்துல விழுற அடியில பக்கத்து லாரிக்காரன் தலையாட்டுவான். அமிஞ்சிக்கரை வர்றதுக்குள்ள கண்டக்டர் மீசை, டிரைவர் பிரேக், நேத்து நடந்த பரீட்சை எல்லாம் கானாவுல வந்துடும். நேத்துப் பாடினதை இன்னைக்குப் பாடினா மதிப்பில்ல. இங்க 1898-ல எழுதின ஒரே காலேஜ் பாட்டை லட்சம் பேர் இன்னும் பாடுறாங்க. பாவம்.

உட்கார இடம் எங்கேன்னு கேட்டார். படிக்கட்டுன்னேன். கச்சேரி எப்போ முடியும்? போலீஸ் வந்தா.

பின்னால ரூட்டுச் சண்டைன்னு கத்தி எடுத்ததையெல்லாம் அவர்கிட்ட சொல்லல. அது பெருமைக் கணக்குல வராது.

அவர் விடறதா இல்ல. "எங்களது ஆரம்பிச்சது 1817"ன்னார். நான் 1842ன்னேன். அப்போ நம்மது பள்ளிக்கூடம், காலேஜ் ஆனது 1889-லன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. அவர் பல்கலைக்கழகமும் 1837-லதான் இந்த ஊருக்கே வந்திருக்கு! "ஜனாதிபதி ஃபோர்டு எங்க ஆளு"ன்னார். ஃபோர்டு ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சதே இல்ல, எங்க அண்ணா 1967-ல ஜெயிச்சே வந்தவர்னேன். கிண்டி இன்ஜினியரிங் பசங்க எவ்வளவு அலட்டினாலும் அவங்க சர்டிபிகேட்ல நம்ம காலேஜ்காரர் பேருதானேடா இருக்கு!

கடைசியா ராமானுஜனை இறக்கினேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு, "அவர் உங்க மாணவரா?"ன்னு எழுந்தே நின்னுட்டார். "ஆமா, எங்ககிட்டதான் எஃப்.ஏ. பெயிலானார்"னேன். பெயிலாக்கின புண்ணியத்துல கும்பகோணத்துக்கும் பங்கு உண்டுங்கறதை மறைச்சுட்டேன். மெட்ரோ ஸ்டேஷனுக்கே எங்க காலேஜ் பேருன்னதும் பேச்சு நின்னுச்சு. இந்த ஊர்ல மெட்ரோவே கிடையாது.

இப்போ அவருக்குக் கானா கேட்டாகணுமாம். நீ ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், தொந்தி வேற, எல்லாம் தெரியும். இருந்தாலும் உங்க வீட்டு இரும்புக் கேட்டைத் தட்டி நாலு வரி பாடி வாட்ஸ்ஆப்ல அனுப்பு. தங்கச்சி திட்டினா என் பேரைச் சொல்லிக்கோ. ரூட்டு தலன்னு உன் போட்டோவைத்தான் காட்டி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஃபுட்போர்டு நண்பன்