அலுமினியத்துக்கு அஞ்சாத மக்காச்சோளமாம்!

வா மாப்ளே, வா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில மக்காச்சோளம் சுட்டு வித்தவன், இப்ப விதையையே மாத்தப் போறியாமே? அலுமினியத்தைத் தாங்குற ரகம்தான் வேணுமாம். கூடவே சுண்ணாம்பு மூட்டையும் சொல்லி வச்சிருக்கியாம். பலே!

அலுமினியம் எல்லா மண்ணுலயும்தான் கெடக்கு. கார அமில நிலை 5-க்கும் கீழ எறங்கினாத்தான் அது நல்லாக் கரைஞ்சு வேர் நுனியைப் பொசுக்கும். வேர் குட்டையா நின்னுடும். அடியில ஈரம் இருந்தும் பயிர் வாடும். தென் அமெரிக்காவுல அந்தப் புளிச்ச மண்ணுலயே வெதைச்சு, தாக்குப் பிடிச்சதைப் பொறுக்கி எடுத்தாங்க. கொலம்பியாவுல 1994-ல சிக்குவானின்னு ஒரு ரகமே வந்துச்சு. சாமர்த்தியம் என்னன்னா, வேர் நுனி சிட்ரேட்டைக் கசிய விடும். கடன்காரனுக்கு எலுமிச்சை சர்பத் குடுத்துத் திண்ணையிலேயே உக்கார வைக்கிறாப்புல, அலுமினியம் அதுல ஒட்டிக்கிட்டு வெளியவே நின்னுடும். இதைச் செய்யிற மரபணு மத்ததுல ஒண்ணு, சில கெட்டிக்கார வகையில மூணுன்னு 2013-ல கண்டுபிடிச்சாங்க. கடன் தொல்லை உனக்கும்தான் இருக்கு, ஒண்ணாச்சும் இருக்கான்னு பாரு.

நம்ம நாட்டுல இந்த விதைக்கு ஏங்குறது மேகாலயா பக்கத்து மண்ணு. நீலகிரியும் அமில மண்ணுதான். அங்க தேயிலை அலுமினியத்தை முத்தின இலையில சேத்து வச்சுக்கிட்டு ஜம்முன்னு நிக்குது.

உன் கொல்லை தண்டராம்பட்டு ரோட்டுல. போர் தண்ணி வாயில வைக்க முடியல, உப்பு. கோடையில வரப்போரம் வெள்ளை பூக்குது. பரண்மேல பஞ்சாங்கத்துக்குள்ள சொருகி வச்சிருக்கியே மண்வள அட்டை, அதுல கார அமில நிலை 8.6-ன்னு போட்டிருக்கு. சுண்ணாம்பு புளிச்ச மண்ணுக்கு, இதுக்கு எதுக்குடா? களருக்கு ஜிப்சம். சுண்ணாம்பைச் சுவத்துல அடி, உன் மாமியாராவது சந்தோஷப்படும்.

அட்டை பழசுன்னா புதுசா மண்ணு எடு. எருக்குப்பை ஓரம், மரத்தடி, வரப்பு ஆகாது. 'வி' மாதிரி அரையடி ஆழம் வெட்டி, பக்கத்தைச் சீவி எடுக்கணும். பத்துப் பதினஞ்சு எடத்துல எடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொண்டு போ. துளசி மாடத்துல அள்ளிட்டுப் போயிடாத.

மக்காச்சோளம்தான்னு ஒத்தக் கால்ல நின்னா, 2018-லேருந்து குருத்துக்குள்ள உக்காந்து மெல்லுதே படைப்புழு, அதுக்கு வழி பாரு. இல்ல, அத்தியந்தல்ல வேளாண் பல்கலைக்கழகத்துச் சிறுதானிய மையம் இருக்கு, போய்ச் சாமை வெதை கேளு. பெட்ரோல் காசுக்கு மட்டும் இங்க வந்து நிக்காத.