பாப்கார்னைக் காக்கும் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வாஷிங்டன், அமெரிக்கா.
பொருள்: மானியப் பங்கீட்டில் துறை காட்டிய நுண்ணறிவைப் பாராட்டுதல், சொத்து ஒன்றைப் பட்டியலில் சேர்க்கக் கோருதல்.

மாண்புமிகு துறையினருக்கு,

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டபின், மறு ஆண்டே சட்டம் இயற்றி 22 அரசு அமைப்புகளை ஒன்றிணைத்து உருவாக்கப்பட்ட இத்துறையின் கடமைகளுள் ஒன்று, முதல்நிலை மீட்பாளர்களுக்கு, அதாவது ஆபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் ஓடிச்சேரும் தீயணைப்பு வீரர், காவலர், ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோருக்கு, மானியம் வழங்குவதாகும். மொத்தத் தொகையில் குறைந்தது 0.75 விழுக்காடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் உறுதி என்று சட்டம் வகுத்திருந்ததால், 2004இல் மக்கள் குறைந்த வயோமிங்கில் தலைக்கு ஏறத்தாழ 38 டாலரும் நியூயார்க் மாநிலத்தில் தலைக்கு 5 டாலர் சொச்சமும் கிடைத்தன. பசித்தவன் இலையில் ஒரு கரண்டி, ஏப்பம் விடுபவன் இலையில் ஏழு கரண்டி என்று பாயசம் பரிமாறிய இந்தப் பந்தி விசாரணையைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

துறையின் மேதைமை முழுதும் வெளிப்பட்டது தேசியச் சொத்துப் பட்டியலில்தான். பயங்கரவாதிகள் குறிவைக்கக்கூடிய அணை, மின்நிலையம், பாலம் முதலியவற்றைத் தொகுத்து மானியப் பங்கீட்டுக்குத் துணைபுரிய வேண்டிய அப்பட்டியலை, துறையின் தலைமை ஆய்வாளரே 2006இல் பிரித்துப் பார்த்தபோது, அதிலிருந்த 77,069 இனங்களில் 8,591 இனங்களோடு இந்தியானா மாநிலம் முதலிடம் பெற்றிருந்தது; நியூயார்க் 5,687 இனங்களோடு பின்னால் நின்றது. இந்தியானாவில் ஐந்தே பேர் வேலை பார்த்த பாப்கார்ன் நிறுவனம், அலபாமாவில் குழந்தைகள் ஆட்டுக்குட்டிகளைத் தடவி மகிழும் விலங்குப் பண்ணை, டென்னசியில் கோவேறு கழுதைகளுக்கென ஆண்டுதோறும் நடக்கும் ஊர்வலம் ஆகியவையும் அதில் இடம்பெற்றிருந்தன. கழுதை ஊர்வலத்தைத் தாக்கும் சதித்திட்டம் இன்றுவரை எவர் மனத்திலும் உதிக்காததற்குப் பட்டியலின் வலிமையே காரணம் என்று வாதிட்டால் மறுப்பது கடினம்.

அதே ஆண்டு நியூயார்க் நகரின் மானியம் 20.7 கோடி டாலரிலிருந்து 12.4 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. துறையின் மதிப்பீட்டில் தேசியச் சின்னம் என்ற கட்டத்தில் அந்நகருக்கு நேராகச் சுழியம் இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் உயரமான அலுவலகக் கட்டடங்களின் கணக்கிலும், புரூக்லின் பாலம் பாலங்களின் கணக்கிலும் வந்துவிட்டன என்று விளக்கம் அளிக்கப்பட்டது. பாலத்தைப் பாலம் என்று கண்டுகொண்ட பார்வையில் குற்றமில்லை.

மீட்பாளர்களின் வானொலிக் கருவியின் கதை சற்று வேறு. உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது தீயணைப்பு வீரர்களின் கையடக்கக் கருவிகள் சரிவர ஒலிக்காததால், அலையை வலுப்படுத்தி மேல்தளங்களுக்குக் கடத்தும் சாதனம் அங்கு பொருத்தப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலன்று அதை முழுமையாக இயக்க அழுத்த வேண்டியிருந்த இரண்டாவது பொத்தானை யாரும் அழுத்தவில்லை. மையத்தின் இரட்டைக் கோபுரங்களில் தெற்குக் கோபுரம் காலை 9.59க்குச் சரிந்தபின், வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறுமாறு பிறந்த உத்தரவு மாடிப்படிகளில் இருந்த பலர் காதில் விழவில்லை, 10.28க்கு அக்கோபுரமும் சரிந்தது. காவலரும் தீயணைப்போரும் ஒருவரோடொருவர் பேசத்தக்க தனி அலைவரிசைக்கும் வலையமைப்புக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2012இல். பாப்கார்னோ அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே பட்டியலில் இருந்தது என்பது முன்னுரிமை தெரிந்தவர்களுக்கு விளங்கும். மிச்சிகனில் சில மாவட்டங்கள் இதே துறையின் மானியப் பணத்தில் ஐஸ் துருவல் (ஸ்னோ-கோன்) இயந்திரங்கள் வாங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை அரைக்கும் பனிக்கட்டி காயத்துக்கு ஒத்தடமாகவும் உதவுமாம்.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஞாயிறு காலையில் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கொட்டகைக்குள்ளேயே பான்கேக் சுட்டு ஊராருக்கு விற்று, அந்தக் காசில் தண்ணீர்க் குழாயும் தலைக்கவசமும் வாங்கும் வழக்கம் சிற்றூர்களில் நெடுநாளாக உண்டு. நாட்டின் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தப் பான்கேக் சுடும் இரும்புக் கல்லின் சூட்டில்தான் வேகிறது என்பதால், மேற்படிக் கல்லைத் தேசியச் சொத்தாக அறிவித்து, பாப்கார்னுக்கு அடுத்த வரிசையில் சேர்த்தருளுமாறு பணிவுடன் கோரப்படுகிறது.

இணைப்பு: பான்கேக் விருந்து நுழைவுச்சீட்டு – 1 (கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும்).